குறைந்த செலவில் போட்டோகிராபி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை என்று யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த கேமரா வாங்கலாம்ணா?" இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். புதுப் பெட்டியைப் பிரிக்கும் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்கிறார் இவர் என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு மாவட்டத்திலும், கடன் வாங்கி கேமரா எடுத்து, ஒருமுறை ஒகேனக்கல் போய்வந்து, அப்புறம் பீரோவில் பூட்டி வைத்தவர்கள் ஏராளம். எந்த நேரத்தில் எங்கே நின்றால் படம் வரும் என்ற பழக்கம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்குக் கையில் இருக்கும் போனும் டவுன் பஸ் காசும் போதும். செலவு செய்யும் கட்டம் வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் சில மாதம்: போன்

போனில் தொடங்கும்போது செய்ய வேண்டியவை சில. லென்ஸைத் துடைப்பது முதலாவது. சட்டைப் பையிலும் கையிலும் புரண்ட லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். மங்கலாக, விளக்கைச் சுற்றிப் புகை படிந்ததுபோல் வரும் பாதிப் படங்களுக்கு அதுதான் காரணம். அடுத்து, கேமரா செட்டிங்கில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிவானம் சாயாமல் இருக்கவே அது முதலில் உதவும். காட்சியை மூன்றாகப் பிரித்து வைப்பதெல்லாம் அப்புறம். விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள். தனி டெலி லென்ஸ் இல்லாத போனில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். முடிந்தால் நாலடி முன்னால் நடந்து போங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. திரையில் தேவையான இடத்தைத் தொட்டால் ஒரு சூரியக் குறியோ சிறு கோடோ வரும். அதைக் கீழே இழுத்தால் படம் இருட்டாகும். நம்ம ஊர் வெயிலில் போன்கள் படத்தை அதிக வெளிச்சமாகவே எடுக்கும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். கொஞ்சம் கீழே இழுத்து எடுத்தால் மேகம் திரும்பி வரும். இருட்டாக இருக்கும் இடத்தைப் பின்னால் ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளிக் கூடைகளை எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறொரு சிக்கல் தெரிந்திருக்கும். பழம் பழமாகப் பிரிந்து தெரியாமல் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாக அப்பிக்கொள்ளும். சாமந்தி மூட்டையிலும் அப்படித்தான். கடும் நிறங்களில் சென்சாரின் (ஒளியைப் பதியும் சில்லு) ஒரு வண்ணப் பகுதி மட்டும் முன்கூட்டியே நிரம்பி வழிந்துவிடுகிறது. அங்கேயும் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். நேர் வெயிலில் இருக்கும் கூடையை விட்டு, கொட்டகை நிழலில் இருப்பதை எடுங்கள்.

போனில் 'ப்ரோ' என்றோ 'மேனுவல்' என்றோ ஒரு முறை இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். மூன்றாவது கட்டத்தில் அது வேண்டும்.

அடுத்தது வெளிச்சம்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். காசு செலவில்லாத ஒரே பாடமும் இதுதான்.

கிருஷ்ணகிரி ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்; நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. கோடை முழுக்கவே பத்து மணியிலிருந்து மூன்றரை மணிவரை வெயில் மேலிருந்து கீழே கொட்டும். அப்போது ஆளை எடுத்தால் கண்குழி கறுப்பு, மூக்கு நுனி வெள்ளை. மலையை எடுத்தால் பாறையின் மடிப்பு எதுவும் தெரியாமல் தட்டையாகிவிடும்.

நல்ல வெளிச்சம் காலையிலும் மாலையிலும் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல மாட்டார்கள். ஐரோப்பாக்காரர்கள் வீடியோவில் மணிக்கணக்கில் பொன்வெயிலில் எடுப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே சூரியன் சரிந்து சரிந்து இறங்கும். இங்கே கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும். மஞ்சள் வெயில் உண்மையில் நன்றாக இருப்பது அரை மணி நேரம்தான். மேற்கே மலை இருந்தால் அதுவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்து, அப்புறம் இடம் தேடினால் கதை முடிந்தது. ஐந்துக்கே போய், எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். காலை உதயம் டிசம்பர் கடைசியில் ஆறரை தாண்டும், ஜூனில் ஆறுக்குச் சற்று முன்னால். போனில் நாளைக்கு எத்தனை மணிக்கு உதயம் என்று பார்த்துக்கொண்டு முதல் பஸ் பிடியுங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதிக் கல்வி முடிந்தமாதிரி. உங்கள் ஊரில் ஏதாவது ஒரு நடுகல்லைத் தேர்ந்தெடுங்கள். நம்ம பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், வயல் வரப்பில் என்று நிற்கும். பல ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்லில் ஒரு வீரன், கையில் வில்லோ வாளோ, பக்கத்தில் மாடு அல்லது நாய். எல்லாம் மெல்லிய புடைப்புதான். அரை அங்குலம்கூட எழும்பியிருக்காது.

மதியம் பன்னிரண்டுக்குப் போய் நேர் எதிரே நின்று எடுங்கள். சாம்பல் பலகைமாதிரி வரும். வீரன் இருக்கிற இடமே தெரியாது. அதே கல்லைக் காலை ஏழு, ஏழேகால் மணிக்கு, வெயில் பக்கவாட்டில் கல்லை உரசிக்கொண்டு போகும்போது எடுங்கள். வில்லின் நாண், இடுப்புக் கச்சை, சில கற்களில் மேலே இருக்கும் வட்டெழுத்து வரி எல்லாமே எழுந்து வரும். புடைப்பின் ஒரு விளிம்பில் ஒளி, மறு விளிம்பில் நிழல் விழுவதால் இப்படி. கல் கிழக்கு பார்த்து நின்றால் காலை வெயில் நேராக முகத்தில் அடித்துவிடும். அப்போது வெயில் மேலேறி, கல்லின் முகத்தை மேலிருந்து உரசும் முற்பகல் வேளைக்குப் போக வேண்டும். எந்தக் கல்லுக்கு எந்த நேரம் என்று நீங்களே கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

கல் மரநிழலில் இருந்தால்? இருட்டிய பிறகு போங்கள். கேமராவை ஏதாவது ஒன்றின்மேல் அசையாமல் வைத்து, ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து, கல்லோடு ஒட்டினாற்போல் அடியுங்கள். டார்ச்சை மேலே, கீழே, இடம், வலம் என்று நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு உருவம் தெரியும். கும்பிடும் கல்லாக இருந்தால் எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பளபளக்கும். அந்த மினுக்கம் லென்ஸில் அடிக்காதபடி நீங்கள் ஓரடி நகர்ந்தால் போதும். சுண்ணாம்போ மாவோ தடவி எழுத்தைத் தெளிவாக்கும் வேலை மட்டும் வேண்டாம். கல் கெட்டுப்போகும், ஊர்க்காரர்களும் சும்மா விட மாட்டார்கள். நடுகற்களை ஒரே இடத்தில் பார்க்க தருமபுரி அகழ்வைப்பகம் இருக்கிறது. படம் எடுப்பதற்கு முன் அங்கே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் மதியத்தில் போட்டோவே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம், வெயிலில் நிற்காமல். வீட்டு வாசல்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி ஆளை உட்கார வைத்தால், வெளியிலிருந்து வரும் ஒளி முகத்தில் மெதுவாக விழும். புளியமர நிழல் சரிதான், ஆனால் இலை இடுக்கில் விழும் புள்ளி வெயில் முகத்தில் பட்டால் அசிங்கமாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தால் அதுவே ஸ்டுடியோ. ஸ்டேஷனரி கடையில் விற்கும் தெர்மாகோல் அட்டையை நிழல் விழும் பக்கம் பிடித்தால் கன்னத்துக் கறுப்பு குறையும். மேகமூட்டமான நாளில் ஆட்களை எடுங்கள், மலையை விட்டுவிடுங்கள். மார்கழி, தை மாதக் காலையில் தளி, ஓசூர் பக்கமும் வத்தல்மலைமேலும் பனிமூட்டம் இறங்கும். அன்று இரண்டையும் எடுங்கள்.

மூன்றாவது: மூன்று எண்கள்

அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ. இந்த மூன்றையும் வைத்து மாதக்கணக்கில் குழம்புபவர்கள் உண்டு. உண்மையில் இது ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு.

அபர்ச்சர் என்பது லென்ஸின் துவாரம். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். எண் சின்னதாக இருந்தால் பின்னணி கரையும்; பெரிதாக இருந்தால் முன்னால் இருக்கும் பாறையிலிருந்து தூரத்து மலைவரை தெளிவாக இருக்கும். ஷட்டர் என்பது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது: 1/100 நொடியை 1/200 ஆக்கினால் வெளிச்சம் பாதி. ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்பது. அது ஏறினால் படம் வெளிச்சமாகும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலும் வரும். ஒன்றை ஒரு படி குறைத்தால் இன்னொன்றை ஒரு படி கூட்ட வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

பழைய பிலிம் காலத்துக் கணக்கு ஒன்று இன்றும் உதவும். நல்ல வெயிலில் அபர்ச்சர் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100. அதிலிருந்து மற்றதைக் கணக்குப் போடலாம். அபர்ச்சரை 8 ஆக்கினால் இரண்டு படி திறக்கிறீர்கள், ஷட்டர் 1/400. நம்ம ஊர் வெயில் இந்தக் கணக்குக்கென்றே அடிக்கிறது. பெரும்பாலான போன்களில் அபர்ச்சரை மாற்ற முடியாது. ப்ரோ முறையில் மற்ற இரண்டையும் வைத்துப் பழகுங்கள்.

சரி, எங்கே பழகுவது?

ஒகேனக்கல்லில் ஷட்டர். அருவி நீர் உறைந்து துளித்துளியாகத் தெரிய 1/1000 வேண்டும். பால்மாதிரி வழிய 1/4 நொடி அல்லது அதற்கும் மெதுவாக. மதிய வெயிலில் 16இல் ஐஎஸ்ஓ 100இல் 1/100க்கு மேல் மெதுவாகப் போனால் படம் வெளுத்துவிடும். லென்ஸின் முன்னால் மாட்டும், ஆறு படி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் போட்டால் அதே 1/100 ஏறத்தாழ 0.6 நொடியாகும். ஃபில்டருக்குக் காசு இல்லையென்றால் மேகமூட்டமான நாளிலோ, நிழல் விழுந்த பக்கத்திலோ எடுங்கள். லென்ஸில் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும். பரிசலில் ஏறும்போது கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் வைத்துவிடுங்கள். நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று காலைச் செய்தியில் சொல்வார்கள். அது ஏறினால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள், போய் ஏமாறாதீர்கள்.

எருது விடும் விழாவிலும் ஷட்டர்தான். தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் கிராமம் கிராமமாக நடக்கும். 1/1000க்குக் குறையாமல் வையுங்கள். ஓடிவரும் மாட்டைத் துரத்தி ஃபோகஸ் செய்யப் பார்க்காதீர்கள். மாடு கடந்துபோகப் போகிற ஓரிடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள். தடுப்புக் கட்டைக்கு உள்ளே இறங்காதீர்கள். மாட்டைவிட, மாடு கடந்த அடுத்த நொடியில் தடுப்புமேல் தொங்கும் ஆட்களின் முகம்தான் எனக்கு எப்போதும் நல்ல படம்.

தெருக்கூத்தில் ஐஎஸ்ஓ. கோடையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். போன் இங்கே திணறும். அபர்ச்சரை முடிந்தவரை திறந்து, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஷட்டர் 1/100. ஏன் 1/100? நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும், அல்லது ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு என்று வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கலைஞர் சுழன்று ஆடும்போது எடுக்காமல், வசனம் பேச நின்று கையை உயர்த்தும் அந்தக் கணத்தில் எடுத்தால் 1/100இலேயே கிரீடமும் புஜக்கட்டையும் தெளிவாக நிற்கும். பிளாஷ் கூடாது. ஆடுபவர் கண்ணும் கூசும், உட்கார்ந்திருப்பவர்களும் திட்டுவார்கள். வேஷம் கட்டும் இடத்தில் ஒரு பல்புக்குக் கீழே முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள். அனுமதி கேட்டு ஓரமாக உட்காருங்கள். மேடையைவிட அங்கே நல்ல படங்கள் கிடைக்கும்.

நான்காவது: இப்போது கேமரா

இவ்வளவும் போனில் பழகி, "இதற்குமேல் போன் விடமாட்டேன் என்கிறது" என்று உங்களுக்கே தெரியும் நாளில் வாங்குங்கள். புதிதாக வேண்டாம். கல்யாணத்துக்கு எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர்கள் சல்லிசாக வெளியே வருகின்றன. பெங்களூரு பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. ஓசூரிலிருந்து காலையில் போய் நாலு கடை பார்த்து மாலையில் திரும்பிவிடலாம். கேனான் 1200டி, 1300டி, நிக்கான் டி3200, டி3300, டி5300 போன்றவை பத்து வருடப் பழசானாலும் தொடங்குபவருக்கு மிகை. 18 மெகாபிக்சலா 24ஆ என்ற விவாதத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். கேமராவோடு சேர்ந்தே வரும் 18–55 மிமீ கிட் லென்ஸோடு இருபதாயிரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். விலை இடத்துக்கு இடம் மாறும், பேரம் பேசலாம்.

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனைகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் மெமரி கார்டையும் ஒரு டார்ச்சையும் கொண்டுபோங்கள்.

லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல்மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை வாங்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.

லென்ஸை மாட்டி, அபர்ச்சர் 16இல் வெறும் வானத்தை அல்லது வெள்ளைச் சுவரை எடுங்கள். மங்கலான கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யலாம், விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்து மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600இல் சில நொடி எடுங்கள். கறுப்புப் படத்தில் சிவப்பும் நீலமுமாகப் பளிச்சென்று புள்ளிகள் நிறைய இருந்தால் யோசியுங்கள்.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலை கேமராக்களில் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு. கல்யாணக் கேமரா ஒரு சீசனிலேயே பல்லாயிரம் அடித்திருக்கும், வீட்டுக் கேமரா அவ்வளவு அடித்திருக்காது. நிக்கானில் இந்த எண் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். எடுத்த ஜேபெக் படத்தை இணையத்தில் ஏற்றினால் இலவசமாகக் காட்டும் தளங்கள் உள்ளன. கேனானின் சிறிய மாடல்களில் கேபிள் போட்டு மென்பொருள் வழியாகத்தான் பார்க்க முடியும்.

ஜூம் வளையத்தை இரு முனைக்கும் திருப்பி, ஒவ்வோர் இடத்திலும் எடுத்துப் பாருங்கள். கேனானில் 'எர்ர் 01' என்று வந்தால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சு அறுந்திருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கிறதா, கார்டு போடும் இடத்தில் பின் வளைந்திருக்கிறதா, சார்ஜர் கம்பெனியுடையதா என்பதையும் பாருங்கள். கடைசியாக, சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கொடுத்தால் அது யாரோ தொலைத்த கேமராவாக இருக்கலாம்.

நிக்கானில் ஒரு பொறி உண்டு. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது லென்ஸுக்கு ஆசை வந்தால் 50 மிமீ 1.8 மட்டும் வாங்குங்கள். கூத்துக்கும் முகங்களுக்கும் அது ஒன்றே போதும். இந்தக் கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால் அது கேனானில் 80, நிக்கானில் 75 மிமீ போல நெருக்கிக் காட்டும். சின்ன அறைக்குள் சிரமம்தான். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டரை 1/80க்குக் கீழே இறக்காதீர்கள். பறவைப் பைத்தியம் பிடித்தால் 55–250 அல்லது 55–200 பழசில் கிடைக்கும். ஓசூர் ராமநாயக்கன் ஏரி, பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி அணை என்று பழக இடம் இருக்கிறது.

மற்ற சாமான்களில் அவசரம் வேண்டாம். மெமரி கார்டு மட்டும் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள், போலிகள் அதிகம். 128 ஜிபி என்று எழுதி, 8 ஜிபிக்குப் பிறகு படங்களை விழுங்கும் கார்டுகள் இருக்கின்றன. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள். ஆடும் முக்காலியைவிட, துணிப்பையில் ஒரு கிலோ ராகியை நிரப்பித் தைத்தது மேல். பாறைமேல், பைக் சீட்மேல், பாலத்துச் சுவர்மேல் எங்கே வைத்தாலும் கேமரா அதில் அமுங்கி உட்காரும். இரண்டு நொடி டைமர் போட்டுவிட்டால் விரல் பட்டு அசைவதும் இருக்காது. மழைக்காலத்தில் கேமராவைத் தோல் பையிலேயே விட்டுவைக்காதீர்கள். பூஞ்சைக்கு அதுதான் வீடு. காற்றுப் புகாத சமையலறை டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், போதும். கிரானைட் குவாரிப் பக்கம் போனால் அங்கே லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

எங்கே போவது, எங்கே போகக் கூடாது

சந்தைகள்தான் நம்ம மாவட்டங்களின் பெரிய பள்ளிக்கூடம். போச்சம்பள்ளியில் ஞாயிறு, குந்தாரப்பள்ளியில் வெள்ளி, நல்லம்பள்ளியில் செவ்வாய். விடியற்காலையே போய்விடுங்கள், ஆடும் மாடும் கைமாறும் நேரமும் அதுதான், வெயில் சாய்வாக இருக்கும் நேரமும் அதுதான். பேரம் பேசும் கைகள், தூசியில் விழும் ஒளிக்கீற்று, தராசுத் தட்டு என்று ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் எடுக்கப் போனால் எதுவும் தேறாது.

மாந்தோப்புகளில் தை, மாசியில் பூவும் சித்திரை, வைகாசியில் காயும். மல்லச்சந்திரத்தில் கற்திட்டைகள் (பழங்காலத்தில் பலகைக் கற்களால் கட்டிய ஈமச்சின்னங்கள்), அங்கே சாயங்காலம் போங்கள். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து ஆற்றில் நுரை பொங்கி வரும் நாட்களில் அதையும் எடுத்து வையுங்கள். எல்லாப் படமும் அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் ராகி விளையும் பருவத்தில் யானைகள் ஊருக்குள்ளேயே வரும். அப்போது படம் எடுக்கக் கிளம்பும் பையன்களால் யானைக்கும் கெடுதல், ஊருக்கும் கெடுதல். அணைகளில் மதகுப் பக்கம் காவலர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். கோயிலுக்குள் போனுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கோபுரத்தை வெளியிலிருந்து எடுங்கள்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?", "ஆயா, எடுக்கலாமா?" என்றால் போதும். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ ரெண்டு வார்த்தை தெரிந்தால் வேலை இன்னும் சுலபம். கேட்டவுடன் எல்லாரும் விறைப்பாக நின்று கேமராவைப் பார்ப்பார்கள். அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டுங்கள். அப்புறம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருங்கள். அவர்கள் வேலைக்குத் திரும்பியதும் நீங்கள் நினைத்த படம் தானாக வரும். முடியாது என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கேமராவில் 'ரா' முறையில், அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் முறையில், எடுத்தால் திருத்த இடம் அதிகம். ஃபைல் பெரிதாக இருக்கும். கம்ப்யூட்டர் இருந்தால் டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் மூன்றும் இலவசம். திருட்டு மென்பொருள் தேடி வைரஸ் வாங்க வேண்டியதில்லை. போன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீட் போதும். சாய்வைச் சரிசெய்வது, ஓரத்தை வெட்டுவது, வெளிச்சம் கூட்டிக் குறைப்பது இந்த மூன்றோடு முதல் வருடம் நிறுத்திக்கொள்ளுங்கள். வானத்தை ஊதாவாக்கும் ஃபில்டர்கள் பக்கம் போகாதீர்கள், கிருஷ்ணகிரி வானம் அப்படி இல்லை.

எடுத்ததில் பத்தில் ஒன்பதை ஒதுக்குங்கள். எடுத்த அன்றே ஒதுக்க மனசு வராது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் வரும். தேறியவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில். மெமரி கார்டை இரும்புப் பெட்டிமாதிரி நினைத்து அதிலேயே விட்டுவைக்காதீர்கள்.

மாதம் இரண்டு மூன்று படமாவது பிரிண்ட் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு இரண்டு மெகாபிக்சலே போதும், அதனால் எந்தப் போன் படமும் தாங்கும். சந்தையில் எடுத்தவரிடம் அடுத்த வாரம் அந்தப் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்கப்புறம் அந்தச் சந்தையில் உங்களை யாரும் ஏன் எடுக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிஎஸ்எல்ஆர் படம் 3:2 அளவு, 4க்கு 6 தாளில் அப்படியே உட்காரும். போன் படம் பெரும்பாலும் 4:3. படுக்கவாட்டில் எடுத்திருந்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், தலைப்பாகை போய்விடும். வீட்டிலேயே 3:2க்கு வெட்டிக் கொண்டுபோங்கள். 'ஆட்டோ கலர்' போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் காத்திருந்து எடுத்த மஞ்சள் வெயிலை மெஷின் வெள்ளையாக்கிக் கொடுத்துவிடும்.